ஹீட் கன் வாங்கித்தரும் வாய்தா

கோடையில் 38 டிகிரிக்கு மேல் போகும் கோவில்பட்டி வட்டாரத்தில், பழைய பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ படம் தராமல் நின்றுபோனால் முதலில் வெயிலின் மேல்தான் பழி விழும். அடுத்து நடக்கும் வைத்தியமும் சூடுதான். கன்சோலைப் பிரித்து, கிராபிக்ஸ் சிப்பின் மேல் ஹீட் கன்னைக் காட்டினால் திரையில் மறுபடி படம் வந்துவிடுகிறது. சூட்டால் வந்த நோய் சூட்டாலேயே எப்படித் தீரும் என்று கேட்டால், இந்தத் தொழிலின் பெரும்பாலான குழப்பங்கள் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். தீரவில்லை, வாய்தாதான் கிடைத்திருக்கிறது. இப்படிச் செத்த சிப்புக்கு உண்மையான பழுதுபார்ப்பு அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதுதான். வைக்கும் சிப் பிற்காலத்தில் செய்யப்பட்டதாக இருந்தால் இன்னும் நல்லது.

கிராபிக்ஸ் சிப் என்று நாம் பார்க்கும் சதுரம் ஒரே பொருளல்ல. கணக்குப் போடும் சிலிக்கான் துண்டு மேலே இருக்கிறது. அதைத் தாங்கும் பச்சை நிறத் தகடு அதன் கீழே இருக்கிறது. இரண்டையும் இணைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சால்டர் புள்ளிகள். அந்தத் தகட்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியும் அளவில் இன்னொரு வரிசை சால்டர் உருண்டைகள் உள்ளன. சூடேறும்போது சிலிக்கான் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் மூன்று பங்கு விரிகிறது. தகடு பதினைந்து பங்குக்கு மேல் விரிகிறது. பதினாறு மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சிலிக்கான் துண்டு 50 டிகிரி சூடேறினால், அதன் விளிம்பில் இரண்டுக்கும் இடையே ஐந்து மைக்ரான் அளவுக்கு இழுபறி உண்டாகும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் அதைத் தாங்க வேண்டிய புள்ளியே ஒரு முடியின் தடிமன்தான். கரிசலில் வீடு கட்டியவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. அஸ்திவாரத்தை உடைப்பது மழையும் அல்ல, வறட்சியும் அல்ல; மண் உப்பிச் சுருங்கி, மறுபடி உப்பிச் சுருங்குவதுதான். கன்சோலை ஒவ்வொரு முறை போட்டு அணைக்கும்போதும் உள்ளே அதுவே நடக்கிறது.

இதற்குச் சாட்சி சொன்னவை கன்சோலையும் சிப்பையும் செய்த கம்பெனிகளே. எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவுக்கு 2006 செப்டம்பரில் வந்தது. மறு ஆண்டு ஜூலையில், மூன்று சிவப்பு விளக்கு எரிந்து நின்றுபோகும் பெட்டிகளுக்கு வாரன்டியை மூன்று ஆண்டாக நீட்டிப்பதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. 2008 ஜூலையில் என்விடியா, தன் லேப்டாப் கிராபிக்ஸ் சிப்புகளில் சிலிக்கானையும் தகட்டையும் சேர்த்துப் பொதியும் பொருள்கள் பலவீனமானவை என்று ஒப்புக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. எக்ஸ்பாக்ஸ் விவகாரத்தில் பல ஆண்டுகள் ஊகமே உலவியது. 2021-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆவணத் தொடரில்தான் அதன் வன்பொருள் பொறியாளர்கள் வெளிப்படையாகப் பேசினார்கள். உடைந்தவை மதர்போர்டோடு சிப்பைச் சேர்க்கும் உருண்டைகள் அல்ல, சிப் பொதிக்கு உள்ளே இருந்த இணைப்புகள் என்றார்கள். சூடாவதும் ஆறுவதும் மாறி மாறி நடந்ததே காரணம் என்றும் சொன்னார்கள்.

இந்த ஒரு தகவல் பல கடைகளின் கட்டணப் பட்டியலையே ஆட்டிவிடுகிறது. ஹீட் கன் வைத்தியத்தை ஆதரிப்பவர்கள், சால்டர் உருகி மறுபடி ஒட்டிக்கொள்கிறது என்பார்கள். மதர்போர்டு மேலுள்ள ஈயமில்லாத சால்டர் 217 டிகிரிக்கு மேல் உருகும், உண்மைதான். ஆனால் அந்தக் காலத்துச் சிப்புகள் பலவற்றின் உட்புள்ளிகள் ஈயம் மிகுந்த கலவை. அது உருக 300 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். அவ்வளவு காட்டினால் மதர்போர்டு கருகும். அப்படியானால் படம் எப்படி வந்தது? புள்ளிகளைச் சுற்றி நிரப்பிய பசை சூட்டில் இளகி, விரிசலின் இரு முகங்களும் மறுபடி ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. தொடுவது ஒட்டுவதாகாது. அதனால்தான் சில வாரமோ சில மாதமோ ஓடிவிட்டு அதே கன்சோல் அதே கோளாறோடு கடைக்குத் திரும்புகிறது. சிப்பைக் கழற்றி, கீழே புதிய உருண்டைகள் வைத்து ஒட்டும் ரீபாலிங்குக்கும் இதே கதிதான். வேலை நேர்த்தியாக இருக்கும், கூலியும் நியாயமாக இருக்கலாம். ஆனால் உடைந்த இடம் வேறு. ரீபால் செய்தபின் கன்சோல் ஓடினால், ஓட வைத்தது பெரும்பாலும் உருண்டை அல்ல. அதை ஒட்டக் காட்டிய சூடு.

வெயிலைப் பற்றிய பேச்சுக்கு வருவோம். குளிர்சாதன அறையில் 22-லிருந்து 70 டிகிரிக்கு ஏறும் சிப், நம் ஊர் அறையில் 38-லிருந்து 86-க்கு ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்ற இறக்கம் இரண்டு இடத்திலும் 48 டிகிரிதான். இழுபறியின் அளவை மட்டும் பார்த்தால் வெயில் குற்றவாளி அல்ல என்றே சொல்ல வேண்டும். ஆனால் உச்சம் எங்கே போய் நிற்கிறது என்பதில் விஷயம் இருக்கிறது. கோளாறுக்குப் பேர்போன சிப்புகளில் நிரப்பிய பசை, சிப் வேலைசெய்யும் சூட்டிலேயே இளகும் ரகம். இளகிய பசை முட்டுக்கொடுக்காது; பாரம் முழுவதும் புள்ளிகள் மேல் விழும். நம் கோடை அந்த எல்லையைச் சீக்கிரம் தாண்டவைக்கிறது. கரிசல் புழுதியும் சேர்ந்துகொள்கிறது. ஆடிக்காற்றில் பறக்கும் அந்த நயமான மண் ஹீட் சிங்க் இடுக்குகளில் படிந்தால் மின்விசிறி சுற்றியும் காற்று போகாது. ஆகவே சுத்தம் செய்வது வீண் வேலை அல்ல, ஆனால் அது வருமுன் காப்பதற்கு. விரிசல் விட்டபின் ஊதி என்ன பயன்? பிளேஸ்டேஷன் 3-இல் இன்னொரு சிக்கலும் உண்டு. சிப்பின் மேல் ஓர் உலோக மூடி இருக்கிறது. அதன் அடியில் வைத்த பேஸ்ட்டும் ஆண்டுகள் போனால் காய்ந்துவிடும். மூடிக்கு மேலே மட்டும் புதுப் பேஸ்ட் தடவிக் கொடுப்பது பாதி வேலை.

சிப்பை மாற்றும் வழி பிளேஸ்டேஷன் 3-இல்தான் சுவையாகிறது. 2007 ஏப்ரலில் அது இந்தியாவுக்கு வந்தபோது ஆர்.எஸ்.எக்ஸ். எனும் அதன் கிராபிக்ஸ் சிப் 90 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. பிறகு 65-ஆகவும் அடுத்து 40-ஆகவும் சுருங்கியது. வேலை அதேதான், குடிக்கும் மின்சாரம் குறைவு. விளையாடும்போது 200 வாட்டை நெருங்கிய பழைய கன்சோலின் இடத்தில், 2009-இல் வந்த ஸ்லிம் மாடல் ஏறத்தாழ அதில் பாதியோடு நின்றதற்கு இப்படிச் சிப்புகள் சுருங்கியதே முக்கியக் காரணம். இதைக் கவனித்த வெளிநாட்டுப் பழுதுபார்ப்பாளர்கள், பின்னாளைய 40 நானோமீட்டர் சிப்பைக் கழற்றி ஆரம்பகால மதர்போர்டில் பொருத்தினார்கள். பல உடல்களின் உறுப்புகளைத் தைத்து ஓர் உயிரை உருவாக்கிய கதாபாத்திரத்தின் நினைவாக அதற்கு ஃபிராங்கன்ஸ்டைன் என்று பெயர் வைத்தார்கள். புதிய சிப்புக்கு ஏற்ப மின்னழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். கன்சோலின் கட்டுப்பாட்டுச் சிப்பில் பதிந்த தகவல்களையும் திருத்த வேண்டும். சாதாரண ஹாட் ஏர் போதாது. போர்டைக் கீழிருந்தும் மேலிருந்தும் சீராகச் சூடாக்கும் பிஜிஏ எந்திரம் வேண்டும். இத்தனைக்கும் பிறகு விளையாட்டின் படம் துளிகூட அழகாகாது. இங்கே கூடுவது ஆயுள் மட்டுமே. வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

படம் மேம்படும் சிப் மாற்றம் வேறு தலைமுறைக்குரியது. நின்டெண்டோவின் 1980-களின் பெட்டியில் படச் சிப்புக்கு நாற்பது கால்கள். ஆர்கேட் எந்திரத்தில் இருந்த அதன் உறவுச் சிப்பை எடுத்து வைத்தால் தெளிவான வண்ணம் கிடைக்கும் என்பதற்காக ஆர்வலர்கள் அந்த எந்திரங்களையே பிரித்தார்கள். நம் ஊர்களில் ‘டிவி கேம்’ என்று புழங்கிய பெட்டிகள் அதே நின்டெண்டோவின் நகல்கள்தான். அவற்றில் முந்தையவற்றில் தனிச் சிப் இருந்தது, சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்தால் மாற்றலாம். பிந்தைய மலிவுப் பெட்டிகளில் எல்லாம் ஒரு கறுப்புப் பிசின் பொட்டுக்குள் அடங்கிவிட்டது. அதில் மாற்ற எதுவுமில்லை. பொட்டு செத்தால் பெட்டி குப்பை.

பிளேஸ்டேஷன் 3-இல் சிப்பை மாற்ற ஆகும் செலவுக்கு ஒரு பழைய ஸ்லிம்மையே செகண்ட் ஹேண்டில் வாங்கிவிடலாமே என்பது வலுவான மறுப்பு. பெரும்பாலோருக்கு அதுவே சரி என்பேன். விதிவிலக்கு, 2006-07 காலத்து முதல் மாடல்களில் சில. பிளேஸ்டேஷன் 2-இன் சிப்புகள் அவற்றுக்குள்ளேயே இருப்பதால் அந்தக் காலத்து டிஸ்க்கும் ஓடும், ஸ்லிம்மில் ஓடாது. அந்தக் கன்சோலுக்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு. ஜப்பானில் 2017-இலேயே பிளேஸ்டேஷன் 3 உற்பத்தி நின்றுவிட்டதால், வைக்கும் சிப்பும் வேறொரு பழுதான கன்சோலிலிருந்துதான் வர வேண்டும். எனவே டிஸ்க் டிரைவ் கெட்டு மூலையில் கிடக்கும் ஸ்லிம்மைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடுவது நஷ்டக் கணக்கு. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பிளேஸ்டேஷன் 3 நின்றுபோனால் குற்றவாளி எப்போதும் கிராபிக்ஸ் சிப்பாகவே இருக்க வேண்டியதில்லை. மின்சாரத்தைச் சீராக்கும் தட்டையான கெப்பாசிட்டர்கள் வலுவிழந்தாலும், சிப் செத்தால் எரியும் அதே மஞ்சள் விளக்குதான் எரியும். அவற்றுக்குப் பதில் டான்டலம் கெப்பாசிட்டர்கள் வைத்தால் போதும். சோதிக்காமல் சிப்பில் கை வைப்பவரிடம் கன்சோலைக் கொடுக்கக்கூடாது.

இந்த நுணுக்கம் தெரிந்த கடை சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் சொந்தம் என்றில்லை. கைபேசி போர்டில் சிப் மாற்றும் கை எந்த ஊரிலும் உண்டு. இல்லாதது சர்க்யூட் வரைபடமும் உதிரிச் சிப்பும். மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளம் வேளாண் கருவி, கைபேசி-மின்னணுப் பொருள், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகளைக் குறிக்கிறது; கேம் கன்சோலுக்கெனத் தனி இடமில்லை. கம்பெனி கைவிட்ட எந்திரத்தின் வரைபடத்தை வெளியிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஹீட் கன்னுக்கு ஒரு நியாயமான உபயோகம் மிச்சமிருக்கிறது. பிளேஸ்டேஷன் 3-இன் ஹார்ட் டிஸ்க், அந்தந்தக் கன்சோலின் சாவியால் பூட்டப்பட்டது. கழற்றிக் கணினியில் மாட்டினால் ஒன்றும் திறக்காது. செத்த கன்சோலைச் சூடுகாட்டி ஒருமுறை எழுப்பி, சேமித்த ஆட்டங்களை யுஎஸ்பி-யில் எடுத்துக்கொள்ள அந்தச் சில நாள் வாய்தா போதும். கடையில் கேட்க வேண்டியது அதை மட்டும்தான், கூலியும் அதற்கு மட்டும்தான்.