புதுப்பிக்கையில் நின்றுபோன மடிக்கணினி



தோட்டங்கள் சூழ்ந்திருந்த பத்து காவானில் இன்று மின்னணுத் தொழிற்சாலைகள் நிற்கின்றன. நம் வீடுகளிலும் பிள்ளைகளின் பாடத்துக்கென மடிக்கணினி வந்துவிட்டது. புதுப்பிக்கும் வேளையில் அது நின்றுவிட்டால், பழுது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிச் செல்கிறோம். பெரும்பாலும் காரணம் எளியது.

முதலாவது, மின்சாரம். நடுவில் பேட்டரி தீர்ந்தால் வேலை அறுந்துபோகும். சார்ஜரைச் செருகிய பின்னரே தொடங்க வேண்டும். இரண்டாவது, இடம். உள்ளே இடமில்லையேல் புதிய கோப்புகள் இறங்கா. வேண்டாத படங்களை நீக்குவோம். மூன்றாவது, பொறுமை. திரையில் எண் நகராவிட்டாலும் அவசரப்பட்டு அணைக்கலாகாது. ஓரிரு மணி நேரம் காத்திருப்போம். எதற்கும் முன்னதாகப் பாடங்களைப் பென்டிரைவில் பிரதி எடுத்துக்கொள்வது நல்லது.

அடிப்பாகம் உப்பியிருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அது பேட்டரியின் கோளாறு, தீப்பிடிக்கவும் கூடும். உடனே நிறுத்தி, அழுத்தாமல், குத்தாமல் கடையில் காட்ட வேண்டும்.

புதுப்பிப்பே வேண்டாமென்று ஒதுக்குவதும் ஆபத்து. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14.10.2025-உடன் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் பெறாத கணினி, பூட்டில்லாத கதவு போன்றது. அதில் வங்கிக் கணக்கைத் திறந்தால் நம் சம்பளப் பணத்துக்கே மோசம் வரலாம். விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்று இன்றே பார்ப்போம்.