உங்களுக்குத் தெரியுமா? ஆளில்லாத் தீவு தரும் கடல் உரிமை

மெக்சிகோவிலிருந்து சுமார் 1,100 கி.மீ. தொலைவில், பசிபிக்கில் உள்ள பவளத் தீவு கிளிப்பர்ட்டன். நிரந்தரக் குடிகள் இல்லாத இத்தீவு யாருக்கு என்று பிரான்சும் மெக்சிகோவும் வழக்காடின. நடுவரான இத்தாலி மன்னர் 1931இல் பிரான்சுக்கே என்று தீர்ப்பளித்தார்.

அதன் மதிப்பு பின்னாளில் பெருகியது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை, கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன், எண்ணெய், கனிமங்கள் மீது கரையோர நாட்டுக்கு உரிமை தருகிறது. கிளிப்பர்ட்டனைச் சுற்றி பிரான்ஸ் உரிமை கொண்டாடும் பரப்பு 4 லட்சம் சதுர கி.மீ.க்கு மேல், சூரை மீன் நிறைந்த கடல் அது.

பிரான்சின் கடற்பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் இத்தகைய கடல்கடந்த பகுதிகளால் கிடைத்ததே. மடகாஸ்கர் உரிமை கோரும் குட்டித் தீவுகளைக்கூட பிரான்ஸ் எளிதில் கைவிடாததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.