‘சரி, விடுங்கோ’ என்று தீர்க்கக்கூடாதவை

மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் உள்ள ஒட்டுசுட்டான் போன்ற ஊர்களின் வைத்தியசாலைகளில் தாதியர் சண்டை பெரும்பாலும் கடமை அட்டவணையில்தான் தொடங்கும். காலை 7 முதல் 1 வரை, பிறகு இரவு 7 வரை, அதன்பின் பன்னிரண்டு மணிநேர இரவுக்கடமை. பொங்கலுக்கு யார் நிற்பது? யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ பஸ் பிடிக்க வேண்டியவரை யார் முந்தி விடுவது? பொறுப்புத் தாதி தனக்கு வேண்டியவருக்கு இரவுக்கடமையைக் குறைத்தார் என்ற பேச்சு கிளம்பினால், உண்மையோ பொய்யோ, விடுதி இரண்டாகிவிடும்.

பிறகு இரு தரப்பும் பேசாமலே கடமையைக் கைமாற்றும். காய்ச்சல்காரருக்கு ஏற்றிய சேலைனின் அளவு, ஒவ்வாத மருந்து, இரவு ஏறிய பிறஷர் எல்லாம் அந்த மௌனத்தில் விடுபட்டுப்போகும். சண்டை தாதியருடையது, ஆபத்து கட்டிலில் கிடப்பவருடையது.

இந்த வகைச் சண்டையைப் பொறுப்புத் தாதி தானே தீர்க்கலாம், தீர்க்கவும் வேண்டும். ஒரு மாதத்து இரவுக்கடமைக் கணக்கை எல்லோரும் பார்க்க ஒட்டிவிட்டாலே பாதி சந்தேகம் அடங்கும். நோயாளி முன்னாலோ சிற்றூழியர் முன்னாலோ யாரையும் ஏசக்கூடாது. இரண்டு பேரையும் தனித்தனியே கேட்டு, அன்றைக்கே திகதியிட்டு எழுதி வைக்க வேண்டும்.

அடி, மிரட்டல், பாலியல் தொல்லை வேறு வகை. இவற்றில் ‘ஒரு குடும்பம் மாதிரி இருக்கிறம்’ என்று சமாதானம் பேசுவது தலைமைத்துவம் அல்ல, மூடிமறைப்பு. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவுக்கு ஐந்து ஆண்டுவரை சிறை விதிக்கலாம். வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவர் சொல்லாலோ செயலாலோ செய்யும் விரும்பத்தகாத பாலியல் அணுகலும் இதில் அடங்கும். பொலிஸில் முறையிட மேலதிகாரியின் அனுமதி தேவையில்லை. நோயாளியின் உறவினர் கைநீட்டினாலும் அப்படியே. சுகாதாரப் பணியாளரில் 8 முதல் 38 வீதமானோர் தம் பணிக்காலத்தில் ஒருமுறையாவது உடல்வன்முறைக்கு ஆளாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே அடி வாங்கியவர் ‘இது எனக்கு மட்டுமோ’ என்று வெட்கப்பட ஒன்றுமில்லை.

நிர்வாக வழியில் போவதென்றால் முறைப்பாடு எழுத்தில், வைத்தியசாலைப் பொறுப்பு வைத்தியருக்கு. அதன் பிரதி ஒன்று, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு. அரச ஊழியருக்கான ஒழுக்காற்று நடவடிக்கை தாபன விதிக்கோவையின்படி ஆரம்ப விசாரணை, குற்றப்பத்திரம் என்று நடக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பதில்சொல்ல உரிமை உண்டு. அதை மறுத்த விசாரணை மேன்முறையீட்டில் நிற்காது. தொழில் நியாய சபை அரச தாதிக்கு இல்லை. தனியார் வைத்தியசாலையில் வேலை பறிபோனவர் ஆறு மாதத்துக்குள் அங்கே போகலாம்.

பலர் கோட்டை விடுவது கால எல்லையில். பாரபட்சமான நிர்வாக முடிவு அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போக, அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. விசாரணை நடப்பதைக் காட்டும் கடிதத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1996. தமிழிலேயே முறையிடலாம், தமிழும் அரசகரும மொழிதான்.

இடமாற்றத்தைப் பற்றி ஒன்று. முறைப்பாடு வந்ததும் முறையிட்டவரையே வேறு வைத்தியசாலைக்கு அனுப்புவது நிர்வாகத்துக்குச் சுலபம். ஆனால் அது அவருக்குத் தண்டனை. அடுத்தவர் வாய்திறக்காமலிருக்க எச்சரிக்கையும்கூட. விசாரணை முடியும்வரை இருவரையும் பிரிக்கத்தான் வேண்டுமென்றால், முறைப்பாட்டுக்கு உள்ளானவரின் கடமைநேரத்தை மாற்றுங்கள். காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.