டைட்டானியம் துருப்பிடிக்காது, ஆனால் விரிசல் விடும்

போன மாதம் ஒரு பழைய மவுண்டன் பைக் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் சின்ன வீட்டுக்கு மாறுகிறார். தொண்ணூறுகளில் ஆசையாக வாங்கிய டைட்டானியம் சைக்கிளை என் பையனிடம் கொடுத்துவிட்டார். நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம். மவுண்டன் பைக் என்ற சமாச்சாரமே பிறந்து வளர்ந்த இடம் இது. மரின் கவுண்டி மலைச் சரிவில் 1976-இல் 'ரீபேக்' பந்தயம் தொடங்கியது. ஒரு முறை இறங்கினாலே பின்சக்கர பிரேக்கில் இருந்த கிரீஸ் எரிந்து புகையாகிவிடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர்.

பையனுக்கு 16 வயது. அன்று மாலையே மலைக்குக் கிளம்பிவிட்டான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கீழ்க்குழாயின் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு ஒடுக்கு. எப்போதோ பாறையில் இடித்திருக்கிறது.

"அப்பா, டைட்டானியம் ஒடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன்தான். தப்பாகச் சொல்லிவிட்டேன். அதைத் திருத்திக்கொள்ள உட்கார்ந்து படித்ததும் செய்து பார்த்ததும்தான் இந்தப் பதிவு.

ஏன் டைட்டானியம்?

நல்ல டைட்டானியம் ஃபிரேம்கள் பெரும்பாலும் 3 சதவீதம் அலுமினியமும் 2.5 சதவீதம் வனேடியமும் கலந்த உலோகக் கலவையில் செய்யப்பட்டவை. விமானங்களின் ஹைட்ராலிக் குழாய்களுக்குப் பயன்படும் அதே சரக்கு. இரும்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம், டைட்டானியத்துக்கு 4.5 தான். துரு கிடையாது, பெயின்ட் தேவையில்லை. முப்பது வருடம் கழித்தும் புதுசு மாதிரி மின்னும். ஆபத்தும் அங்கேதான். பார்வைக்கு வயசு தெரியாது.

உலோகத்துக்குத் துருவைத் தவிர இன்னொரு எதிரி உண்டு: களைப்பு. கட்டுக்கம்பியை ஒரே இழுப்பில் அறுக்க முடியாது, ஆனால் முன்னும் பின்னும் வளைத்தால் பட்டென்று போகும். 1842-இல் பாரிஸ் அருகே வெர்சாய் ரயில் விபத்துக்குக் காரணம் ஒடிந்த இன்ஜின் அச்சு. பின்னாளில் ஜெர்மானியப் பொறியாளர் வோலர் ரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சுழற்றிச் சோதித்தார். ஒரே தடவையில் உடைக்கப் போதாத விசைகூடத் திரும்பத் திரும்ப வந்தால் உடைக்கும் என்று காட்டினார். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விசை இருந்தால் டைட்டானியம் மிக நீண்ட காலம் தாங்கும். ஆனால் ஆழமான கீறல், வெல்டிங்கில் குறை, கூர்மையான மூலை என்று ஏதாவது இருந்தால் விசை அந்த ஒரே புள்ளியில் குவியும். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

எங்கே பார்ப்பது?

முதலில் ஃபிரேமை நன்றாகக் கழுவித் துடைத்து, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, ஹேண்டில்பார் நுழையும் தலைக்குழாய்க்குப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கம். சைக்கிள் நேராக எதிலாவது மோதியிருந்தால் இங்கே மெல்லிய புடைப்போ அலையோ தெரியும். விரலால் தடவினால் கண்ணைவிட நன்றாகத் தெரியும். அது இருந்தால் மேற்கொண்டு யோசிக்காமல் ஓரம் கட்டுங்கள்.

இரண்டு, எல்லா வெல்டிங் ஓரங்களும். பெடல் அச்சு இருக்கும் கூடு, பின்சக்கரத்தைப் பிடிக்கும் இடங்கள் எல்லாம் இதில் சேரும்.

மூன்று, சீட் கம்பியை இறுக்கும் இடத்தில் குழாயில் விட்டிருக்கும் பிளவு.

வளைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்சக்கரப் பிடியின் ஒரு பக்கம் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி, மறு பக்கம் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுடையதில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

ஒடுக்கு? குழாயின் நடுப்பகுதி, வெல்டிங்கிலிருந்து தூரம், ஓரங்கள் மழுங்கல், மடிப்பு இல்லை, கீறல் இல்லை. அசிங்கம்தான், ஆனால் அதை மட்டும் வைத்து ஃபிரேமைத் தள்ள முடியாது. பையன் முகத்தில் சிரிப்பு.

சாயச் சோதனை

கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குச் சாயம் ஊடுருவும் சோதனை இருக்கிறது. மூன்று ஸ்பிரே டப்பாக்கள்தான். எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். பிறகு மேலே இருப்பதைத் துணியால் துடைக்க வேண்டும். கிளீனரைத் துணியில்தான் அடிக்க வேண்டும், நேராக ஃபிரேமில் அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். கடைசியாக வெள்ளைப் பூச்சு. விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சாயம் வெள்ளை மேல் சிவப்புக் கோடாகக் கசியும்.

ஒடுக்கில் எதுவும் வரவில்லை. வெல்டிங்குகளிலும் இல்லை. சீட் குழாயின் பிளவு முடியும் இடத்தில், கீழ்நோக்கி, அரை அங்குலத்துக்கு மெல்லிய சிவப்புக் கோடு.

துடைத்துவிட்டு மறுபடி செய்தேன். அதே கோடு.

காரணம் உடனே புரிந்தது. பெரியவர் ஆறடிக்கு மேல் உயரம். சீட் கம்பியில் 'இதற்கு மேல் இழுக்காதே' என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு குழாய்க்கு வெளியே நின்றது. கம்பி உள்ளே போதிய ஆழம் இல்லாததால், ஒவ்வொரு குலுக்கலிலும் நெம்புகோல் மாதிரி அந்தப் பிளவை விரித்திருக்கிறது.

பற்றவைத்துவிடலாமே?

டைட்டானியத்தைத் தெருமுனை வெல்டரிடம் கொடுக்க முடியாது. அதிகச் சூட்டில் அது காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு அப்பளம் மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். குழாய்க்கு வெளியேயும் உள்ளேயும் ஆர்கான் வாயு நிரப்பித்தான் பற்றவைக்க வேண்டும். வெல்டிங் வெள்ளி நிறத்தில் இருந்தால் நல்லது. நீலமும் சாம்பலும் காற்று புகுந்ததற்கு அடையாளம். இதற்கென்றே இருக்கும் ஃபிரேம் செய்பவர்கள்தான் செய்ய முடியும், தேவைப்பட்டால் சீட் குழாயையே மாற்றுவார்கள்.

ஃபிரேம் நன்றாக இருந்திருந்தாலும் பழைய அலுமினிய ஹேண்டில்பார், அதைப் பிடிக்கும் ஸ்டெம், முன் ஃபோர்க் மூன்றையும் மாற்றியிருப்பேன். அலுமினியத்துக்கு டைட்டானியம் போல் களைப்பு எல்லை கிடையாது. ஃபோர்க் மாற்றுகிறவர்கள் நீளத்தைக் கவனியுங்கள். பழைய ஃபிரேம்கள் குட்டையான ஃபோர்க்குக்கு வடிவமைத்தவை. இன்றைய நீள ஃபோர்க் மாட்டினால் தலைக்குழாய் மேல் நெம்பும் விசை கூடும்.

இன்னொன்று. சாயச் சோதனை வெளிப்பரப்பில் திறந்திருக்கும் விரிசலை மட்டும்தான் காட்டும். நம்ம தொழிலில் சொல்வது போல, டெஸ்ட் பாஸ் ஆனதால் பக் இல்லை என்று அர்த்தமில்லை. அதனால் என் விதி: விரிசல், புடைப்பு, வளைவு மூன்றில் ஒன்று இருந்தால் ஏறவே கூடாது. சந்தேகம் இருந்தால் டைட்டானியம் தெரிந்தவரிடம் காட்டும் வரை ஏறக் கூடாது. தெருவில் மெதுவாகத்தானே என்ற சமாதானமும் வேண்டாம், விரிசல் தெருவிலும் வளரும்.

பெரியவரிடம் சீட் கம்பியைக் கழற்றிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சிவப்புக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். போன இலையுதிர்காலம் வரை இதில்தான் மலை இறங்கினேன் என்றார். அவ்வளவுதான், வேறெதுவும் பேசவில்லை.

சைக்கிள் இப்போது கராஜ் சுவரில் தொங்குகிறது. பழுது பார்க்கலாமா என்று ஒரு ஃபிரேம் செய்பவருக்குப் படம் அனுப்பியிருக்கிறேன். பையன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், அவனுடைய பழைய அலுமினிய சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு ஒவ்வொரு வெல்டிங்காகப் பார்த்துக்கொண்டிருந்தான்.