மெய், பொய், விளங்காதது

1995இல் வெளிவந்த ஜாவா என்னும் கணினிமொழியில், எழுத்தாகத் தந்த விடையை மெய் அல்லது பொய்யாக மாற்றும் 'பார்ஸ்பூலியன்' என்றொரு கட்டளை உண்டு. அதன் நீதி விசித்திரமானது. ஆங்கிலத்தின் 'ட்ரூ' என்ற நான்கெழுத்துச் சொல் வந்தால் மட்டுமே மெய். பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா என்று அது பாராது. 'யெஸ்', '1', நம் 'ஆம்', முன்னே இடைவெளி விழுந்த 'ட்ரூ', ஏன், எழுத்தே இல்லாத வெறுமை, யாவும் பொய்! எண்ணாக மாற்றும் கட்டளையாவது விளங்காதவிடத்துப் பிழையென்று கூவும். இதுவோ வாய்திறவாமல் பொய்யெனத் தீர்த்துவிடும்.

மலைநாட்டார்க்கு இத்தகைய தீர்ப்புப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இத்தீவிலே பிறந்தவரிடமும் தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்தமைக்குச் சான்று வேண்டிற்று. ஹட்டன், நுவரெலியாத் தோட்ட லயங்களில் அத்தகைய பிறப்புப் பதிவு யாரிடம் இருந்தது? சான்றில்லாதவர் குடிமக்கள் அல்லர் என்றே கொள்ளப்பட்டனர். எஞ்சியோர்க்குக் கதவு திறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால்.

பாடசாலைப் பதிவேட்டுக்கு நிரல் எழுதும் மாணவர், முதலில் 'ட்ரூ'வா என்று ஒப்பிட்டு, அடுத்து 'ஃபால்ஸா' என்று ஒப்பிடுக. இரண்டிலும் சேராத சொல் வந்தால் நிரல் அங்கேயே நின்று, எழுதியவரிடமே திருப்பிக் கேட்கட்டும்.