ஒரே வீச்சுக்குள் எத்தனை அசைவுகள்!

சிட்னியின் கெல்லிவில் பக்கம் பிள்ளைகளை ஜூடோ வகுப்புக்கு அனுப்பும் நம் பெற்றோருக்கு ஒரு கேள்வி எழலாம்: மாதக்கணக்கில் ஒரே வீச்சையே ஏன் பழக்குகிறார்கள்? இதற்கு நல்ல விடை சிட்னியிலேயே கிடைத்தது. 2000 ஒலிம்பிக்கின்போது டார்லிங் ஹார்பர் அரங்கில், செப்டம்பர் 21 அன்று, 100 கிலோ பிரிவில் ஜப்பானின் கோசெய் இனோவே தன் ஐந்து ஆட்டங்களையும் ‘இப்போன்’ எனும் முழுப்புள்ளியில் வென்றார். இறுதியாட்டத்தில் கனடாவின் நிக்கோலா ஜில்லை வீழ்த்தியது அவருக்கு மிகப் பிடித்த உச்சிமாட்டா. எதிராளியின் இரு கால்களுக்கிடையே தன் காலைச் செலுத்தி, உள்தொடையை மேல்நோக்கி வாரி எறியும் வீச்சு அது. அவர் அதைத்தான் செய்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

நிற்கும் உடலின் ஈர்ப்பு மையம், பாதங்கள் வளைத்துக்கொண்ட பரப்புக்கு நேர்மேலே இருக்கும்வரை உடல் சாயாது. கனமான மனிதரை நேராகத் தூக்குவது பெரும்பாடு. அந்த மையத்தைக் கால்விரல்களுக்குச் சற்றே அப்பால் இழுத்துவிட்டால் மீதி வேலையில் பெரும்பங்கைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். 1882இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ அதனால்தான் நிலைகுலைப்பதை முதலில் வைத்தார். உடலைப் பொருத்துவதும் வீழ்த்துவதும் அதற்குப் பிறகு. உச்சிமாட்டாவில் கைகள் மேலுடலை முன்னோக்கி இழுக்கும்போதே கால் கீழுடலைப் பின்னோக்கி வாருகிறது. ஸ்டியரிங்கை இரு கைகளாலும் திருப்பும்போது நடப்பதுபோல, எதிரெதிர் விசைகள் இரண்டும் சேர்ந்து உடலைச் சுழற்றுகின்றன.

சிக்கல் நேரத்தில்தான். கண்ணால் கண்டு உடல் அசையச் சுமார் 0.2 நொடி ஆகும். அதற்குள் எதிராளியின் எடை மறுகாலுக்குப் போயிருக்கும். ஆகவே சட்டையைப் பற்றிய விரல்கள் உணரும் இழுவையைக் கொண்டு, அடுத்து நடக்கப்போவதை மூளை முன்கூட்டியே கணிக்க வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட தேர்ச்சி உடலில் எப்படி அமைகிறது என்பதை ஒரு பழைய ஆய்வு காட்டுகிறது. 1920களில் மாஸ்கோவில் உடலியங்கியல் ஆய்வாளர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன், சுத்தியலால் உளியை அடிக்கும் தொழிலாளிகளின் அசைவுகளைப் படமெடுத்து ஆராய்ந்தார். சுத்தியல் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் விழுந்தது. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் போன வழியோ அடிக்கு அடி மாறியது. ஒரு மூட்டின் விலகலை இன்னொரு மூட்டு ஈடுகட்டியது. உடலைப் பற்றி நான் அறிந்தவற்றில் இதற்கு இணையான அதிசயம் குறைவு. தேர்ந்தவர் ஒரே அசைவை மனப்பாடம் செய்வதில்லை. ஒரே முடிவுக்குப் பல வழிகளைச் சேர்த்துவைக்கிறார்.

எறியாமல் நுழைவை மட்டும் திரும்பத் திரும்பப் பழகும் ‘உச்சிகோமி’ தொடக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் இணையாக நிற்பவர் அசையாமலே நின்றால் விரல்கள் எதைக் கற்கும்? அவர் நகர வேண்டும், தள்ள வேண்டும், ஆளும் மாற வேண்டும்.

தடுப்பவருக்கும் இதே பயிற்சிதான். இனோவே வென்றதற்கு மறுநாள், 100 கிலோவுக்கு மேற்பட்டோரின் இறுதியாட்டத்தில் பிரான்ஸின் டாவிட் டூயே உச்சிமாட்டாவுக்குக் காலை வீசினார். ஜப்பானின் ஷினிச்சி ஷினோஹரா தன் காலைச் சட்டென விலக்கி, அந்த வேகத்திலேயே அவரைச் சுழற்றி மல்லாத்தினார். நடுவர்கள் புள்ளியை டூயேவுக்குக் கொடுத்தார்கள். தங்கமும் அவருக்கே போனது. ஜூடோ உலகம் இன்னும் அதைப் பற்றி வாதாடுகிறது.