கொழுந்து மலை நடை மட்டும் போதுமா? நெஞ்சுக்கும் ஓர் அரை மணி நேரம்



2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டில் மூத்தோருக்கான மெய்வல்லுனர் போட்டி ஒன்று நடந்தது. அதில் முல்லைத்தீவு மாவட்டம் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி சிறீசெயானந்தன் என்ற அம்மா கலந்துகொண்டார். வயது 72. 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம், 5000 மீற்றர் விரைவு நடையில் தங்கம், 800 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலம். 400 மீற்றர் மைதானத்தை 5000 மீற்றருக்குப் பன்னிரண்டரைச் சுற்று சுற்றவேண்டும். பாட்டி வயதில் அந்த அம்மா அதை வேக நடையாக நடந்து முடித்திருக்கிறார்.

வன்னி நமக்குத் தூரத்து ஊர் இல்லை. 1977லும் 1983லும் கலவரங்களுக்குப் பயந்து மலைநாட்டிலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். நமது லயங்களில் பல வீட்டுக்கு அங்கே ஒரு மாமாவோ சின்னம்மாவோ இருக்கிறார்கள். ஆகவே இந்தச் செய்தியை நமது சொந்தக்காரர் ஊர்ச் செய்தியாகவே எடுத்துக்கொள்வோம்.

ஆனால் இங்கே என்ன நடக்கிறது? வேலையிலிருந்து நின்றதும் இஸ்தோப்பில் உட்கார்ந்துவிடுகிறோம். கொஞ்ச நாளில் பிரஷர், பிறகு சீனி வியாதி, பிறகு நெஞ்சு வலி. "நாள் பூரா மலை ஏறி இறங்குறோமே சேர், இதுக்கு மேல என்ன ஓட்டம்?" என்று கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை அதற்கான பதில்.

வேலை வேறு, பயிற்சி வேறு

கொழுந்து பறிப்பதும் உடல் உழைப்புத்தான். அது வீண் போவதில்லை. ஆனால் அந்த உழைப்பின் தன்மையைப் பாருங்கள். பத்தடி ஏறுகிறோம், நிற்கிறோம், குனிந்து பறிக்கிறோம், மறுபடி நகருகிறோம். முதுகில் கூடை ஏற ஏறக் கனக்கிறது. கையும் இடுப்பும் முழங்காலும் களைத்துப் போகின்றன. நெஞ்சுக்கோ ஒரே சீராக வேலை கிடைப்பதில்லை. வேகத்தையும் ஓய்வையும் தீர்மானிப்பது நாம் இல்லை, கிலோவும் கங்காணியும்தான்.

டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் இதைப் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். நாள் முழுக்கப் பாரம் தூக்கி, போதிய ஓய்வில்லாமல் செய்யும் வேலை தருகிற பலனும், விருப்பப்பட்டுக் கொஞ்ச நேரம் நடந்து, ஓடி, பிறகு ஓய்வெடுப்பது தருகிற பலனும் ஒன்றல்ல என்பது அவர்கள் கருத்து.

அதற்காக உடல் அசையாமல் இருப்பது நல்லது என்று அர்த்தமில்லை. 1953இல் இலண்டனில் ஜெரி மொரிஸ் என்ற டொக்டர் ஓர் ஆய்வு வெளியிட்டார். மாடி பஸ்களில் உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களையும், நாள் பூரா படி ஏறி இறங்கி டிக்கட் கொடுக்கும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கண்டக்டர்களுக்கே மாரடைப்புக் குறைவாக இருந்தது. பஸ் ஒன்றுதான், கம்பனியும் ஒன்றுதான். உட்கார்ந்திருப்பதற்கும் அசைவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

இன்று நமது தோட்டங்களிலும் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் கூடிவிட்டார்கள். ஓட்டோ ஓட்டும் தம்பிமார், கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளைகள், ஒப்பீஸ் ஆட்கள், பென்சன் வயதுக்காரர்கள். இவர்களுக்கு இந்தக் கட்டுரை முழுதாகப் பொருந்தும்.

நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது?

இருதயம் ஒரு தசை. கவ்வாத்து வெட்டுகிறவர் கை நாளடைவில் உரம் ஏறுவதுபோல, தொடர்ந்து வேலை கொடுத்தால் இருதயமும் உரம் ஏறும். ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் கூடும். சும்மா இருக்கும்போது அடிக்கும் தடவை குறையும். இரத்தக் குழாய்கள் இளகிக்கொடுப்பதால் பிரஷர் இறங்கும். வேலை செய்யும் தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்வதால் சீனி வியாதியும் கட்டுப்படும். மாத்திரை குடிப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தக்கூடாது.

எவ்வளவு செய்யவேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு இது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு சராசரி 60 நிமிட ஓட்டம், விளையாட்டு.

மிதம் எது, கடுமை எது என்று அறியக் கருவி தேவையில்லை. நடந்துகொண்டே பேசமுடியும், ஆனால் பாடமுடியாது என்றால் மிதம். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் கடுமை. நாடி பார்த்தும் அறியலாம். பெருவிரலின் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்குங்கள். 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச அளவு வரும். 40 வயதுக்காரருக்கு அது 180. அதில் பாதியிலிருந்து நூற்றுக்கு எழுபது வரை, அதாவது 90 முதல் 126 வரை, மிதமான உழைப்பு.

எட்டு வாரப் பழக்கம்

முதல் இரண்டு வாரம்: வாரத்தில் ஐந்து நாள், 20 நிமிட நடை. முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக, நடுவில் வேகமாக.

மூன்றாம், நான்காம் வாரம்: அதே ஐந்து நாள், 30 நிமிடம். இங்கேயே 150 நிமிடம் வந்துவிட்டது. ஓட விருப்பமில்லாதவர்கள் இதோடு நிற்கலாம். குறை ஒன்றுமில்லை.

ஐந்தாம், ஆறாம் வாரம்: மூன்று நாள் மட்டும் ஓட்டம் சேருங்கள். ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, ஒரு நிமிடம் மெல்ல ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி எட்டுத் தடவை. கடைசியில் ஐந்து நிமிடம் மெதுநடை. மற்ற இரண்டு நாளும் வெறும் நடை.

ஏழாம், எட்டாம் வாரம்: இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை.

ஒரு வாரம் கஷ்டமாயிருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் முல்லைத்தீவு வழியாக வாரக்கணக்கில் நடக்கிறார்கள். ஒரே நாளில் போய்ச் சேர யாரும் ஓடுவதில்லை.

முழு நாளும் மலையில் நிற்பவர்களுக்கு இவ்வளவும் வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள், கூடை இல்லாமல், கையை வீசி 20 நிமிட நடை போதும். முடிவில் காலையும் இடுப்பையும் நன்றாக நீட்டிவிடுங்கள். அது முதுகு வலிக்கும் நல்லது.

இடத்துக்கு ஏற்றபடி

மலைநாட்டில் ஏற்றத்தில் நடந்தாலே ஓடியதற்குச் சமம். இறக்கத்தில் ஓடாதீர்கள், முழங்கால் கெட்டுவிடும். சின்ன அடி வைத்து இறங்குங்கள். மூடுபனியில் ரோட்டில் போகும்போது வெளிர் நிறச் சட்டை போடுங்கள். மழை நாளில் வீட்டு இஸ்தோப்பிலேயே நின்ற இடத்தில் காலைத் தூக்கி நடக்கலாம், படியில் ஏறி இறங்கலாம், கயிறு அடிக்கலாம்.

வன்னியிலுள்ள சொந்தங்களுக்கு இந்தப் பத்திரிகையைக் கொடுத்தனுப்புங்கள். அங்கே தரை மட்டம், ஓடுவதற்கு வசதி. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனியாக்குளம் போன்ற குளக்கட்டுகள் நடைக்கு அருமையான இடங்கள். ஆனால் வெயில் கொடியது. காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடவேண்டும், தண்ணீர் குடிக்கவேண்டும். யானை நடமாட்டமுள்ள பக்கம் இருட்டில் தனியாகப் போகக்கூடாது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிகளுக்குள் குறுக்கு வழிக்குக்கூடக் கால் வைக்கக்கூடாது.

முதலில் பரிசோதனை

35 வயது தாண்டியவர்கள் தொடங்குமுன் பிரஷரும் சீனியும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகவே பார்க்கலாம். மூச்சு வாங்குவது, தலை சுற்றுவது, கண் வெளிறியிருப்பது போன்றவை உள்ள பெண்கள் இரத்தச் சோகைக்கும் பார்க்கவேண்டும். இரத்தம் குறைவாயிருக்கும்போது ஓடினால் இருதயத்துக்குத்தான் பாரம்.

நடக்கும்போது நெஞ்சை அழுத்துவது போலிருந்தாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ ஏறினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ உடனே நிறுத்துங்கள். "வாய்வுதான்" என்று இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்கவேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும். இந்த இலக்கம் பிள்ளைகளுக்கும் பாடமாக இருக்கட்டும்.

நேரம் எங்கே?

இதுதான் உண்மையான கஷ்டம். அதுவும் பெண்களுக்கு. விடியுமுன் எழும்பிச் சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டு, பெரட்டுக்குப் போய், மடுவத்தில் கொழுந்து நிறுத்து வீடு திரும்பினால் மறுபடி அடுப்பு. அவர்களிடம் "போய் நடங்க அக்கா" என்று சொல்வது லேசு. அந்த அரை மணி நேரத்தை யார் கொடுப்பது? வீட்டு ஆம்பிளைகள்தான் கொடுக்கவேண்டும். வாரத்தில் மூன்று பொழுது ரொட்டி சுடுவதையும் பிள்ளையைப் பார்ப்பதையும் அண்ணன்மார் எடுத்துக்கொள்ளட்டும். பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து நடந்தால் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை.

கோயில் திருவிழாக் கமிட்டி போல ஒவ்வொரு லயத்திலும் ஒரு நடைக் கூட்டம் சேருங்கள். வேலையிலிருந்து நின்ற அப்பாமாரையும் அம்மாமாரையும் முன்னுக்கு விடுங்கள். வேகத்தை அவர்கள் வைக்கட்டும், இளந்தாரிகள் பின்னால் வரட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை இருபதே நிமிடம் நடந்து தொடங்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்